கடலட்டைக்கு ஒரு முக்காலி

திங்கட்கிழமை ஜோடிப் பாடத்தின்போது வகுப்பில் இருந்தவர்கள் பதின்மூன்று பேர். கரும்பலகையை ஒட்டிய முதல் வரிசையில் கதவுப் பக்கம் லேசீலி, அவளுக்கு எதிரே கடைக்காரர் மகள் வீகா. சுவர்ப் பக்கம் இரண்டாம் வகுப்புப் பெண்கள் இருவர். நடு வரிசையில் இரண்டு ஜோடி, எல்லாரும் பெண்கள். பின் வரிசையில் முன்பு கூரை ஒழுகிய மூலைக்குக் கீழே விலிசோனியும் சாமிசோனியும், அவர்களுக்குப் பக்கத்தில் பொடியன்கள் இருவர். நடு வரிசையின் கடைசியில், கடல் தெரியும் ஜன்னலடியில், தனி மேசையில் ஃபூசி. ஃபூசிக்கு எதிரே ஒரு முக்காலி. முக்காலியில் யாரும் இல்லை.

லோசலீனி டீச்சர் இதைத் தன் நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டாள். மோட்டுஹிஃபோ தீவுப் பள்ளியில் அவள் பத்தொன்பது வருடமாக ஒரே டீச்சர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பங்காய் ஊரில் இருக்கும் கல்வி அதிகாரிக்கு, ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக் கடிதம் எழுதுவாள். முதல் எண்ணில் யார் யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பது இருக்கும். அதற்குப் பிறகுதான் ஒழுகும் கூரை, தீர்ந்துபோன சாக்பீஸ் எல்லாம். இத்தனை விவரமாக எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கார்பன் வைத்து எழுதி, நகல்களைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள்.

ஆனால் இந்தத் திங்கட்கிழமை அவள் எழுதியது வேறு காரணத்துக்காக. போன வெள்ளி படகில் அதிகாரி மனாசேயிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது.

டேப்லெட்டுகளில் நடந்த பாடங்களின் பதிவை வாராவாரம் ஒரு பென்டிரைவில் ஏற்றி, கடிதத்தோடு அனுப்புவது வழக்கம். அதைப் பார்த்துத்தான் மனாசே எழுதியிருந்தார். காலமான மாணவி அகனேசியின் பெயரில், அவள் அடக்கத்துக்குப் பிறகு, பதினான்கு பாடங்கள் நடந்திருக்கின்றன. பதினான்கிலும் அவள் சொல்லிக் கொடுப்பவளாக இருந்திருக்கிறாள். அவள் கணக்கைப் பயன்படுத்துவது யார் என்று வரும் வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் பெயரோடு எழுதவும். பெயர் வராவிட்டால் அந்தக் கணக்கு அழிக்கப்படும். கையெழுத்துக்குக் கீழே பேனாவால் தனியாக ஒரு வரி: ‘லோசலீனி, நீங்கள் பொய்க்கணக்கு எழுதுகிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.’

ஜோடிப் பாடம் என்பது இவ்வளவுதான். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்காருவார்கள். ஆளுக்கொரு டேப்லெட். ஒருவர் திரையில் படமும் சொல்லும் வரும், அவர் படிக்க வேண்டும். மற்றவர் திரையில் விடையும் சேர்ந்து வரும். தடுமாறினால் அவர் ஏதாவது குறிப்பு எழுதி அனுப்பலாம். அனுப்புகிறவருக்குப் பெயர் சின்ன டீச்சர். வாய்ப்பேச்சு கிடையாது, சிரிக்கலாம். திரையில் ஆளுக்கொரு படம் அடையாளம். செயலி வந்த முதல் நாள் பையன்கள் சுறாவுக்கும் ஆமைக்கும் அடித்துக்கொண்டார்கள். ஒருவரும் தொடாமல் கிடந்த கடலட்டைப் படத்தை அகனேசி எடுத்துக்கொண்டாள்.

“அட்டை, அட்டை, வழவழ அட்டை” என்று சாமிசோனி கேலி செய்தான்.

“ஒரு சாக்கு அட்டை என்ன விலைக்குப் போகுதுன்னு உங்கப்பாவைக் கேளு. உன் சுறாவை எவன் வாங்குவான்?” என்றாள் அவள். ஒன்பது வயது.

எட்டு வாரத்துக்கு முன்னால், அட்டை பொறுக்கும் பருவத்தில், தாயோடு பவளத்திட்டுக்குப் போனவளை அலை கொண்டுபோனது. தாய் மெலேசேனி சாக்கைக் கட்டக் குனிந்து நிமிர்ந்திருக்கிறாள், அவ்வளவு நேரம்தான்.

அகனேசி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது ஃபூசிக்கு. ஃபூசி பாதிரியார் மகள், ஏழு வயது. போன வருடம் வேறு தீவிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வழியில் உறவு, இவளுக்கு யாரும் உறவில்லை. எழுத்தைப் பார்த்தாலே கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒரு வருடம் அதே வகுப்பில் நின்றுவிட்டாள். நவம்பரில் வாசிப்புச் சோதனை. இன்னொரு முறை நின்றால் மூன்றாம் வருடமும் முதல் வகுப்புதான். அகனேசி போன பிறகு ஒற்றையாய்ப் போன இவளை எந்த ஜோடியோடு சேர்ப்பது என்று லோசலீனி யோசித்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் ஃபூசி படிக்க ஆரம்பித்துவிட்டாள். தானாகத்தான் படிக்கிறாள் என்று டீச்சர் சந்தோஷப்பட்டாள். மனாசேயின் கடிதம் வரும்வரை.

இப்போது லோசலீனி வரிசை வரிசையாக நடந்தாள். பன்னிரண்டு பிள்ளைகள் பன்னிரண்டு டேப்லெட்டில் தங்கள் தங்கள் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் விரலும் வேறெங்கும் போகவில்லை. பதினான்காவது டேப்லெட், அகனேசி வைத்திருந்தது, அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி டீச்சரின் இடுப்பில். திறந்து பார்த்தாள். எட்டு வாரமாகச் சார்ஜ் போடாத கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது. அதை எடுத்துத் தன் மேசைமேல், கண்ணெதிரே வைத்துக்கொண்டாள்.

பிறகு ஃபூசியின் பின்னால் போய் நின்றாள்.

திரையில் ஒரு கடையின் படம். கீழே கடைக்கு அவர்கள் சொல்லும் நீண்ட சொல், ஃபாலேகோலோவா. ஃபூசி ‘ஃபா’ என்று சொல்லி நின்றாள். திரையின் மேல் மூலையில் கடலட்டைப் படம் ஒருமுறை மினுக்கியது. அதன் பக்கத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக, விரல் தேடித் தேடி அழுத்துகிற நிதானத்தில் வந்தன.

வாலைப் பிடி.

ஃபூசி தலையாட்டினாள். “வா. லோவா. கோலோவா. ஃபாலேகோலோவா.”

வாலைப் பிடித்து வருவது அகனேசியின் வழி. சொல்லைக் கடைசியிலிருந்து சேர்த்துக்கொண்டு வருவாள். ‘முன்னாலிருந்து படிப்பதுதான் படிப்பு, நண்டு மாதிரிப் பின்னால் போகாதே’ என்று டீச்சர் இரண்டு முறை அவளைக் கண்டித்திருக்கிறாள்.

“ஃபூசி. உனக்கு யாரும்மா சொல்லிக் குடுக்கறது?”

“சின்ன டீச்சர்.”

“எந்தச் சின்ன டீச்சர்?”

ஃபூசி படத்தைத் தொட்டுக் காட்டினாள். இவ்வளவு தெரிந்ததைக் கேட்கிறார்களே என்பதுபோல டீச்சரைப் பார்த்தாள்.

“முன்னாடி எனக்குக் கோவம் வரும் டீச்சர். சீக்கிரம் சீக்கிரம்னு எழுதுவா. இப்ப மெதுவா எழுதறா.”

பாடம் முடிந்ததும் லோசலீனி எல்லாரையும் நிறுத்திக் கேட்டாள். “அகனேசி கணக்குல யாரு போறீங்க? அடிக்க மாட்டேன். சொல்லிடுங்க.”

கடைசியில் சாமிசோனிதான், “டீச்சர், எனக்கு என் பாடமே வரல. இன்னொருத்தி பாடத்துக்கு எங்க போறது” என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். விலிசோனி சிரிக்கவில்லை. அகனேசியின் அண்ணன். அடக்கத்துக்குப் பிறகு அவன் அதிகம் பேசுவதில்லை.

அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, லோசலீனி பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். மனாசே அனுப்பிய தேதிகளை ஒரு பக்கம் வைத்தாள், தன் வெள்ளிக்கிழமை நகல்களை மறுபக்கம். ஜோடிப் பாடம் திங்கள், செவ்வாய், வியாழன் மட்டும். அடக்கத்துக்குப் பிறகு முதல் இரண்டு வாரம், ஆறு பாடத்திலும் அகனேசி பெயர் இருந்தது. அடுத்த இரண்டு வாரம் ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்த மூன்று வாரத்தில் எட்டு. நடுவில் ஒரு செவ்வாய் மட்டும் விட்டுப்போயிருந்தது.

அந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்தது? தன் கையெழுத்தையே விரல் வைத்துப் படித்தாள். மழை. பின் வரிசையில் ஒழுகல். ‘விலிசோனி, சாமிசோனி நடு வரிசைக்கு மாற்றப்பட்டனர், நடு வரிசைப் பெண்கள் இருவர் பின்னால் காய்ந்த பக்கம்.’ கூரையில் தகரம் அடித்ததும் அவரவர் பழைய இடம். விட்டுப்போன அந்தச் செவ்வாய்? ‘விலிசோனிக்குக் கண் நோவு. எழுத்து தெரிய வேண்டி ஜன்னலடியில் உட்கார்ந்தான்.’

லோசலீனி காகிதங்களைக் கீழே வைத்தாள்.

இந்த வகுப்பில் பிள்ளைகளை உட்கார வைப்பதற்குப் பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஒரே சட்டம். கூடப்பிறந்த அண்ணன் தங்கை ஒரே வரிசையில் கிடையாது. ஒன்றுவிட்டவர்கள் ஒரே திரையைப் பார்க்கக் கூடாது. தீவில் முறைப்பையன் என்று ஒருவனும் இல்லை. மாமன் மகனும் அண்ணன்தான், சித்தி மகனும் அண்ணன்தான். பத்து வயதானால் அண்ணன் வேறு குடிசையில் படுப்பான். தங்கை இருக்கும் அறைக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் நுழைவான். அண்ணன் வந்து உட்கார்ந்தால் தங்கை எழுந்துபோவாள். அது கோபமல்ல, மரியாதை. அந்தச் சட்டத்துக்காகத்தான் ஒவ்வொரு வாரமும் பிள்ளைகள் உட்காரும் இடங்களை அவள் எழுதியதே.

அகனேசி இருந்தவரை லோசலீனி விலிசோனியைப் பின் வரிசையில்தான் வைத்திருந்தாள். மழை வந்த வாரம் அவனை நடுவில் கொண்டுவந்தபோது, இனி என்ன முறை, அந்தப் பிள்ளைதான் இல்லையே என்று நினைத்துக்கொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதைக் கடிதத்தில் எழுதவில்லை. நினைத்ததோடு சரி.

செவ்வாய்க்கிழமை பாடம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரமானதும் லோசலீனி ஃபூசியின் பின்னால் போய் நின்றாள். கடலட்டை வந்திருந்தது. ஃபூசி படகுக்கும் வலைக்குமான சொற்களைத் தாண்டியிருந்தாள்.

“விலிசோனி, உன் டேப்லெட்டை எடுத்துக்கிட்டு இங்க நடு வரிசைக்கு வாப்பா.”

அவன் வந்தான். நடு வரிசைப் பெஞ்சில் அவன் உட்காரவும், ஃபூசியின் திரையில் கடலட்டை சாம்பல் நிறமானது. செயலியின் வழக்கமான வாக்கியம் அதன் கீழே வந்தது: ‘சின்ன டீச்சர் வெளியே சென்றிருக்கிறார்.’

“போயிட்டா” என்றாள் ஃபூசி.

“நீ பழைய இடத்துக்குப் போ.”

அவன் பின் வரிசையை அடைந்து பெஞ்சைக் காலால் இழுத்தான். கடலட்டைக்கு நிறம் திரும்பியது.

லோசலீனி சாமிசோனியைக் கூப்பிட்டு அதே இடத்தில் உட்கார வைத்தாள். கடலட்டை நகரவில்லை. அகனேசிக்குப் பெரியம்மா மகன்தான், ஆனால் ஒரே திரை இல்லையே. மற்ற வரிசைப் பெண்களை ஒவ்வொருத்தியாக உட்கார வைத்தாள், இருந்தது. மறுபடி விலிசோனி, சாம்பல் நிறம். அவனை அனுப்பினாள், வந்தது. மூன்றாம் முறையும் சாம்பல் நிறம்தான். விளையாட்டு மாதிரி இருந்தது, ஆனால் எந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. சின்னப் பெண்கள் இருவரும் கைகோத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் முறை விலிசோனி தன் இடத்துக்குப் போகவில்லை. நடு வரிசைக்கும் பின் வரிசைக்கும் இடையில் நின்று, காலி முக்காலியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“டீச்சர். நான் கிட்ட வந்தா அவ எந்திரிச்சுப் போறா. அதானே?”

லோசலீனி மெல்லத் தலையாட்டினாள்.

“அப்ப நான் வெளியில உக்காந்துக்கவா? பின்னாடி பெஞ்சு கூட கிட்டதான்.”

“வெயில் அடிக்குமேப்பா.”

“தாழ்வாரத்துல நிழல் இருக்கு. சாமி, நீயும் வா. ஜோடி இல்லாம நான் என்ன பண்றது.”

“எனக்கென்ன வந்துச்சு, நான் என்ன அவளுக்குக் கூடப்பிறந்தவனா?” என்றான் சாமிசோனி. சொல்லிக்கொண்டே எழுந்து, இரண்டு பேருடைய டேப்லெட்டையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அன்று மிச்சப் பாடம் முழுவதும் ஃபூசி தடங்கலில்லாமல் படித்தாள்.

வியாழக்கிழமை மெலேசேனி வந்தாள். துக்கத்துக்காக இடுப்பில் சுற்றிக் கட்டிய கிழிந்த பெரிய பாய் முழங்காலுக்குக் கீழே இழுபட்டது. தாழ்வாரத்தில் மகனைப் பார்த்து நின்றாள்.

“ஏன்டா வெளியில உக்காந்திருக்க?”

“உள்ள புழுக்கமா இருக்கும்மா.”

அவள் மேலே கேட்கவில்லை. கதவுக்குள் வந்து, “கணக்கை அழிக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்காமே” என்றாள் லோசலீனியிடம்.

“உனக்கு யாரு சொன்னது?”

“ஹவேயாதான். கொண்டு வந்த உறை சரியா ஒட்டலையாம்.”

“அந்தப் படகுக்காரனுக்குக் கண்ணும் பெருசு, வாயும் பெருசு” என்றாள் லோசலீனி. “வா. வந்து பாரு. உனக்குப் பார்க்கணும்னா மட்டும்.”

மெலேசேனி ஃபூசியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கடலட்டை போகவில்லை. ஃபூசி ஒரு முழு வாக்கியத்தை, குழந்தை அலையில் கால் வைக்கிறமாதிரி, நின்று நின்று படித்தாள். ‘அம்மா பானையில் கிழங்கு வைத்தாள்.’ கிழங்கு வந்த இடத்தில் தடுமாறினாள். எழுத்துகள் நிதானமாக வந்தன. வாலைப் பிடி. ஃபூசி பிடித்தாள்.

மெலேசேனி வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

“வீட்டுக்கு வரவே இல்ல அக்கா” என்றாள் மெதுவாக. “ராத்திரி வாசல்ல விளக்கை வச்சுட்டுக் காத்திருப்பேன். பாயை விரிச்சு வைப்பேன். எட்டு வாரமா வரல. என்மேல கோவமோன்னு நினைச்சேன். அன்னிக்கு நான்தானே குனிஞ்சேன்.”

“கோவமெல்லாம் இல்ல.”

“இல்லதான். இப்பத் தெரியுது. அவன் தனியாப் படுக்க பயந்துக்கிட்டு இந்த எட்டு வாரமா எங்ககூட வீட்டுக்குள்ளதான் படுக்கறான். அண்ணன் படுத்திருக்கற வீட்டுக்குள்ள அவ எப்படி வருவா?”

எழுந்தவள், எதிரே இருந்த முக்காலியைக் கையால் துடைத்தாள். அது ஒரு காலில் லேசாக ஆடியது. மடித்த காகித அட்டைத் துண்டு ஒன்றைக் காலடியில் வைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுப் போனாள். போகிறபோது மகன் தலையில் கை வைத்தாள். “இன்னிக்கு ராத்திரி சாமி வீட்டுல படு” என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை படகு பத்து மணிக்கே கரைக்கு வந்துவிட்டது. ஹவேயா பிள்ளைகளுக்கான பிஸ்கட் பெட்டிகளை இறக்கிப் பள்ளித் திண்டில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

“கடிதம் ரெடியா அக்கா? பதினொன்றரைக்குத் தண்ணி வத்திரும். பவளத்திட்டு தாண்ட முடியாது.”

“இன்னும் எழுதல.”

“பத்தொன்பது வருஷத்துல இப்படி நான் பார்த்ததில்லையே.” அவன் குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணு சொல்லட்டுமா? லேசீலி பேரைப் போட்டுடு. பெரிய பொண்ணு, கெட்டிக்காரி, அவதான் ஃபூசிக்குச் சொல்லிக் குடுக்கறான்னு எழுது. மனாசே சந்தோஷமாப் போயிடுவாரு. யாரு வந்து பார்க்கப்போறா?”

“லேசீலி அங்க உக்காரலயே.”

“எழுதினா உக்காந்தமாதிரிதானே?”

“போய்ப் படகைப் பாரு.”

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். ஆனால் அவன் சொன்னது போகவில்லை. ஒரு பெயர் போதும். கணக்கு இருக்கும், ஃபூசி படிப்பாள், நவம்பரில் தேறுவாள். உண்மையை எழுதினால் மனாசே படித்துவிட்டு, பாவம் லோசலீனி, தனியாக இருந்து இருந்து இப்படி ஆகிவிட்டாள் என்று நினைப்பார். ஒரு பொத்தானை அழுத்துவார். அந்த முக்காலி அப்புறம் வெறும் முக்காலி. பிள்ளைகள் வெளியே பந்து விளையாடும் சத்தம் கேட்டது. விலிசோனி தூரத்துக் கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

லோசலீனி ஃபூசியின் மேசையில் உட்கார்ந்து எழுதப் பார்த்தாள். அங்கேதான் வெளிச்சம். ‘1. இந்த வாரம் வகுப்பில் இருந்தவர்கள்’ என்று எழுதினாள். எண்ணிக்கை வருமிடத்தில் பேனா நின்றது. பதின்மூன்று என்று போட்டால் அடுத்த எண்ணில் வரும் பெயர் பொய். பதினான்கு என்று போட்டால் யார் நம்புவார்? காகிதத்தைக் கிழித்தாள். இரண்டாவது காகிதத்திலும் அதே இடம். மூன்றாவதிலும்.

மேசையில் ஃபூசியின் டேப்லெட் அணைந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை ஜோடிப் பாடம் இல்லை. அதை யாரும் தொடவில்லை. லோசலீனி நான்காவது காகிதத்தை எடுத்தபோது திரை தானாக வெளுத்தது. மேல் மூலையில் கடலட்டை. எதிர் முக்காலியை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அட்டைத் துண்டு வைத்ததால் அது ஆடவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

வாலைப் பிடி.

லோசலீனிக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. “நண்டு மாதிரிப் பின்னால போகாதேன்னு சொன்னேன்ல” என்று வாய்க்குள் சொன்னாள். பிறகு காகிதத்தின் அடிக்குப் போய், தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டாள். அது சுலபமாக இருந்தது. கையெழுத்துக்கு மேலே, ‘இங்ஙனம், பத்தொன்பது வருடமாக உங்களுக்குப் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தைச் சரியாக எழுதிவரும்’ என்று எழுதினாள். அதற்கு மேலே நான்காவது எண்: ‘ஆகவே இந்தக் கணக்கை அழிக்க வேண்டாம். நவம்பர் சோதனைவரை ஃபூசிக்கு இந்தச் சின்ன டீச்சர் வேண்டும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அகனேசியின் தாயைக் கேட்டுச் செய்யலாம்.’ அதற்கு மேலே மூன்றாவது: ‘நம்பாவிட்டால் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை நேரில் வரவும். அவள் அண்ணனை நடு வரிசையில் உட்கார வைத்துக் காட்டுகிறேன். தேதிகளும் இடங்களும் என் நகல்களில் இருக்கின்றன. அசல் உங்கள் அலமாரியில் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கவும். அவனைத் தாழ்வாரத்துக்கு மாற்றியிருக்கிறேன், அவனே கேட்டுக்கொண்டான்.’ அதற்கு மேலே இரண்டாவது: ‘அகனேசியின் கணக்கைப் பயன்படுத்துபவர் பெயர்: அகனேசி.’

கடைசியாக மிஞ்சியது காகிதத்தின் தலைப்பகுதி. இப்போது பேனா நிற்கவில்லை.

‘1. வியாழக்கிழமை ஜோடிப் பாடத்தின்போது வகுப்பில் இருந்தவர்கள் பதினான்கு பேர். முதல் வரிசையில் கதவுப் பக்கம் லேசீலி, எதிரே வீகா.’ ஒவ்வொருவராக எழுதிக்கொண்டே வந்தாள். தாழ்வாரத்தில் இருவர். ஜன்னலடியில் ஃபூசி. ‘ஃபூசிக்கு எதிரே, முக்காலியில், அகனேசி.’

நிமிர்ந்தபோது டேப்லெட் அணைந்திருந்தது.

காகிதத்தை மூன்றாக மடித்து, பென்டிரைவையும் சேர்த்து உறையில் போட்டாள். மைதா மாவுப் பசையை விரலில் எடுத்து ஓரத்தில் ஒருமுறை தடவினாள். மனாசேயின் உறையை நினைத்துக்கொண்டு இன்னொருமுறை தடவினாள். பக்கத்தில் இருந்த அகராதியை அதன்மேல் வைத்து, காயும்வரை கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஹவேயா முழங்கால் தண்ணீரில் நின்றபடி உறையை வாங்கினான். ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். வரவில்லை.

“யாரு பேரைப் போட்ட அக்கா?”

“உக்காந்தவ பேரை.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு உறையை நெகிழித் தாளில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டான். “அடுத்த வாரம் பிஸ்கட்டு எத்தனை பேருக்கு?” என்று கேட்டுக்கொண்டே படகைத் தள்ளி ஏறினான்.

“பதினாலு.”

என்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து அவள் கையை உயர்த்தி விரல்களால் காட்டினாள். அவன் தலையாட்டினான். தண்ணீர் வற்றுவதற்குள் படகு பவளத்திட்டின் இடைவெளியைத் தாண்டியது.